பத்துக் கட்ட நோட்டு

"யோவ், நில்லுய்யா! அந்த நோட்டை இப்படிக் கொடு!"

மாரியாயி போட்ட சத்தத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் அந்தப் பத்து வீட்டு வரிசையே தெருவுக்கு வந்துவிட்டது. சங்கு ஊதியதும் ஆண்களெல்லாம் பட்டறைக்குப் போயிருந்தார்கள். நடுத்தெருவில் அகப்பட்ட ஆசாமி, கறுப்பு அட்டை நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

பூ விற்க வந்த நல்லம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் எதிரே போய் நின்றாள். எட்டு நாளாக அவளும் இவனைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். விடிந்தும் விடியாததுமாக வருவான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிமிஷம் நிற்பான். பென்சிலை நாக்கில் தொட்டு என்னவோ எழுதுவான். அடுத்த வாசலுக்குப் போய்விடுவான். அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவளுக்கு எட்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"இந்தப் பக்கம் ரெண்டு மாசத்துல மூணு வீடு போச்சு. என் மக காப்பும் போச்சு," என்று துடைப்பத்தை ஓங்கினாள் மாரியாயி. "மூணும் குடும்பத்தோட வெளியூர் போன வீடு. முன்கதவை உள்ள தாழ்போட்டுட்டு, கொல்லைப்பக்கமாத்தான் பூட்டிக்கிட்டுப் போறோம். தெருவுல நின்னு பாத்தா ஆள் இருக்கிற மாதிரியே இருக்கும். திருட்டுப்பயலுக்கு மட்டும் எப்படித் தெரியுது? இதோ, இப்படி வாசல் வாசலா நின்னு எழுதினா ஏன் தெரியாது!"

"அம்மா, நான் அப்படிப்பட்டவன் இல்லீங்க..."

"அப்போ மாத்தாவா?" நல்லம்மாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "போலீஸ் சட்டையைக் கழட்டி வச்சுட்டு வேவு பாக்க வந்தியா? உண்மையைச் சொல்லிடு லா."

"இந்த மூஞ்சியா மாத்தா?" மாரியாயி சிரித்தாள். "மாத்தாவா இருந்தா இந்நேரம் நம்மளையில்ல மிரட்டியிருப்பான்! நாலு சாத்து சாத்தி ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போவோம், வாங்கடி!"

"அடிக்கிறதுக்கு முன்னாடி நோட்டைப் பாத்துடுவோம் அக்கா." நல்லம்மாள் வெடுக்கென்று பிடுங்கிப் பிரித்தாள்.

பக்கத்துக்குப் பத்துக் கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் வீட்டு நம்பர். மேலே தேதி. கட்டத்துக்குள்ளே...

"ஏய், இது என் தாமரைக் கோலம்!" மாரியாயியின் துடைப்பம் தானாகக் கீழே இறங்கியது.

"ஆமாங்க. நான் வேலாயுதம் பத்தர். கிள்ளான் கடைகளுக்கு நகை செஞ்சு கொடுக்கிறேன்." நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "பழைய மாதிரியையே எத்தனை நாளைக்குச் செய்யறது? புது யோசனை பட்டறை வாசல்ல வந்து கதவைத் தட்டாதுங்க. நாமதான் தேடிப் போய்ப் பிடிக்கணும். நீங்க போடுற கோலம் எல்லாம் பத்து மணிக்குள்ள மிதிபட்டு அழிஞ்சு போயிடுது. அதுக்கு முன்னாடி ஓடி வந்து நோட்டுல அடைச்சுக்கிறேன். நல்லா இருந்தா வரைவேன், சுமாரா இருந்தா ஒரு புள்ளி, ஒண்ணும் இல்லேன்னா வெறும் கட்டம். மழை பெஞ்சாலும் குடையோட வந்துடுவேன்."

நல்லம்மாளிடமிருந்து நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே மாரியாயியின் தாமரை ஒரு பதக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அடியே, என் கோலம் தங்கமாயிடுச்சுடி!"

"என் கட்டத்துல மட்டும் ஏன் எட்டு நாளும் புள்ளி?" என்று எட்டிப் பார்த்தாள் ஆறாம் நம்பர் தங்கமணி. பத்தர் தலையைச் சொறிந்தார். தெரு முழுக்கச் சிரிப்பு. "நாளைக்கு வாங்க, சிக்குக் கோலம் போட்டு உங்க பென்சிலை உடைக்கிறேன்!"

"நான் முதல் நாளே நினைச்சேன், இது திருட்டு முழி இல்லேன்னு," என்றாள் மாரியாயி கூசாமல். "சாயா குடிச்சிட்டுப் போறீங்களா அண்ணே?"

"இன்னொரு நாளைக்குங்க." பத்தருக்குத் தப்பித்தோம் என்றிருந்தது.

பெண்கள் உலை வைக்க உள்ளே போனார்கள். நல்லம்மாள் மட்டும் நகரவில்லை. எட்டு நாள் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியிருந்தது. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"மன்னிச்சுக்குங்க அண்ணே, தப்பா நினைச்சுட்டேன். வேற தெருவுக்கும் போவீங்களா?"

"அடுத்த வாரம் செந்தூல் வரிசைக்குப் போறேம்மா. அங்கேயும் துடைப்பம் இருக்குமேன்னுதான் பயமா இருக்கு."

"அங்கேயும் நான் பூ விக்கிறவதான். பொம்பளைங்ககிட்ட சொல்லி வைக்கிறேன், ஒருத்தரும் உங்களைத் தொடமாட்டாங்க. ஒண்ணே ஒண்ணு. தினமும் வரைஞ்சு முடிச்சதும் எனக்கு ஒரு தடவை காட்டிட்டுப் போங்க. கோலம் கத்துக்க ரொம்ப நாளா ஆசை."

பத்தரின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவருடைய நோட்டை ஆசைப்பட்டுக் கேட்ட முதல் ஆள் இவள்தான். "அதுக்கென்னம்மா, தாராளமா! இந்தா, இன்னைக்குப் பக்கம்."

நல்லம்மாளின் விரல் தாமரையைத் தாண்டியது. தங்கமணியின் புள்ளியைத் தாண்டியது. ஒன்பதாம் நம்பரில் போய் நின்றது. வெறும் கட்டம்.

வீட்டில் பொம்பளை இருந்தால் வாசல் வெறுமையாய் விடியாது. தெருத்தெருவாய்க் கூடை சுமந்து அவள் மோப்பம் பிடித்துவந்த சங்கதியை இந்த மனுஷர் இனி தினம் ஒரு பக்கமாய் எழுதியே கொடுத்துவிடுவார். இடுப்புச் செருகலில் இருந்த கள்ளச்சாவிக் கொத்து கலகலக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நல்லம்மாள் ஒன்பதாம் வீட்டின் கொல்லைப்பக்கம் நடந்தாள்.