இரண்டு விரல் இடப்பக்கம்

மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, சர்வீஸ் சென்டரின் கடைசி லிஃப்டில், வாங்கி ஐந்து மாதமே ஆன ஒரு வெள்ளை பிக்கப் நான்காவது முறையாக மேலே ஏறியது.

அதன் பின்பக்கத்தில், டிரெய்லர் மாட்டுவதற்காகத் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பிய கொக்கி, நடுவிலிருந்து இரண்டு விரல் இடப்பக்கம் தள்ளி இருந்தது.

படகுக்காரர் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சொந்தமாகப் படகு ஏதும் இல்லை. ஏரியில் மற்றவர்கள் விட்டிருக்கும் படகுகளை இழுத்து வந்து பழுது பார்ப்பது அவர் தொழில்.

"வண்டி நேராத்தான் சார் இருக்கு," என்றார் சூப்பர்வைசர், முந்தைய மூன்று முறையும் சொன்ன அதே குரலில். "நீங்கதான் கொஞ்சம் சாஞ்சு நின்னு பாக்கறீங்க."

"நாலு தடவையுமாய்யா சாஞ்சு நிப்பேன்?"

இரண்டு விரல் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் ஒரே ஒரு முறை அந்த வண்டியைப் பின்னால் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பின்பக்கக் கேமரா திரையின் நட்டநடுவில் ஒரு பச்சைக் கோடு காட்டும். அதை நம்பி வந்தால், கொக்கியின் குண்டு டிரெய்லரின் வாய்க்கு அடியில் போய் நிற்காமல் பக்கத்தில் முட்டும். இறங்கு, பார், ஏறு, முன்னால் எடு, மறுபடி வா.

அதோடு போகுமா? ஏரிக்குள் இறங்கும் சரிவுப் பாதை டிரெய்லரின் அகலத்துக்குத்தான் இருக்கிறது, இருபுறமும் கல்தூண். கண்ணாடியில் நேராகத் தெரியும் படகு தூணில் உரசும். உரசிய படகுகளுக்கெல்லாம் அவரே மறுபடி பெயின்ட் அடித்தாயிற்று. இன்னொரு கீறல் விழுந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று படகுச் சங்கத்துச் செயலாளர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னால், முடிவு செய்தாயிற்று என்று பொருள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், வாடிக்கையாளர் நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். இரவு ஷிப்ட் முடித்தவளை வழியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இரும்பு முனை வைத்த பூட்ஸைக்கூட அவள் இன்னும் கழற்றவில்லை.

முதல் நாளிலிருந்து அவளுடையது ஒரே பாட்டு. "விட்டுடுங்களேன். வெளியில எங்கயாவது குடுத்து சரி பண்ணிக்கலாம்."

"புது வண்டிக்கு நான் எதுக்கு வெளிய போகணும்? தப்பு பண்ணவன் சரி பண்ணட்டும்."

சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் இதே பேச்சு, படுக்கையிலும் இதே பேச்சு. கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வேலை பார்த்தானோ என்று, முகம் தெரியாத அந்த ஆளைத் திட்டாமல் அவருக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. அவள் கேட்டுக்கொண்டே தட்டைக் கழுவுவாள்.

கடைசியில் சூப்பர்வைசர் அலுத்துப்போய் லேசர் கருவியை எடுத்து வந்தார்.

சிவப்புக் கோடு சேஸிஸின் நடுவில் ஓடி, கொக்கியின் வலது ஓரத்தில் போய் விழுந்தது.

சூப்பர்வைசர் கருவியை நகர்த்தி வைத்து இன்னொரு முறை அளந்தார்.

"தள்ளித்தான் சார் இருக்கு." சூப்பர்வைசரின் குரல் மாறியிருந்தது. "சரியா உக்கார வைக்காமயே முறுக்கி விட்டுருக்காங்க. மாத்திக் குடுத்துடறோம். ஃபேக்டரிக்கு போட்டோ மட்டும் அனுப்பணும்."

ஐந்து மாதத்தில் முதல் முறையாகப் படகுக்காரரின் தோள்கள் இறங்கின. "அந்த மகராசன் யாருன்னு எனக்குத் தெரியணும்."

"அரை நாள்ல புடிச்சுடுவாங்க. முறுக்கின போல்ட் மேல அவங்கவங்க பெயின்ட் பேனாவால கோடு போடணும். ஒருத்தர் கோடு மாதிரி இன்னொருத்தர் கோடு இருக்காது." சூப்பர்வைசர் டார்ச்சை அடித்தார். "அங்க இப்ப ஆள் குறைக்கிறாங்க சார். சாக்கு தேடிக்கிட்டு இருக்கறவங்களுக்கு இது போதும். இதோ, இங்க பாருங்க."

போல்ட்டின் தலையிலிருந்து சேஸிஸ் வரை ஒரு மஞ்சள் கோடு. முடியும் இடத்தில் தூண்டில் முள்ளைப் போல ஒரு சின்ன வளைவு.

படகுக்காரர் அதை வெகுநேரம் பார்த்தார்.

அந்த வளைவு அவர் வீட்டுக் கட்டிலின் நான்கு மூலைகளிலும் இருக்கிறது. சமையலறைக் குழாயின் நட்டில் இருக்கிறது. அவருடைய டிரெய்லர் சக்கரங்களில் இருக்கிறது. எதை முறுக்கினாலும் முறுக்கிய கையோடு ஒரு கோடு போடாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலை அது. அவள் அங்கே வண்டிகளுக்குக் கதவு மாட்டுகிறவள். போன செப்டம்பரில் ஆள் போதவில்லை என்று சில வாரம் அவளைக் கொக்கி மாட்டும் பின்பாகப் பிரிவுக்கு மாற்றி, இரட்டை ஷிப்ட் போட்டார்கள். கால் வீங்குகிறது என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

சூப்பர்வைசர் கைபேசியை உயர்த்திப் பிடித்தார்.

"போட்டோ வேணாம்," என்றார் படகுக்காரர். "வண்டிய இறக்குங்க."

"சார்?"

"நான்தான் சாஞ்சு நின்னு பாத்துட்டேன்."

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, நெடுஞ்சாலை ஓரத்து வெல்டிங் பட்டறையில் கொக்கியைக் கழற்றி நடுவில் பொருத்தினார்கள். போல்ட்டுகள் புதியவை. அவற்றின் மேல் எந்தக் கோடும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைக் கழுவக் குனிந்தபோது, எல்லா போல்ட்டிலும் மஞ்சள் கோடு இருந்தது. வளைவோடு. பெயின்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை.

அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களைக் கழுவினார்.