ஸ்பெஷல் கிளாஸ்

"பார்வதிக்கா, சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க ரூபாவுக்கு காலேஜ் எத்தனை மணிக்கு விடறாங்க?"

பக்கத்து வீட்டு மாதேஸ்வரி வாசலில் நின்றுகொண்டே கேட்டாள்.

"நாலரைக்கு. இப்ப கொஞ்ச நாளா ஸ்பெஷல் கிளாஸ் இருக்குதாம். வர்றதுக்கு ஏழாயிடுது. ஏன் கேக்கற?"

"கிளாஸா? நேத்தும் பாத்தன், முந்தாநேத்தும் பாத்தன். நம்ம கம்பெனி பஸ் நிக்கற எடத்துக்கு எதிர்ல, ஹைவே ஓரமா நிக்குது. கூட ஒரு பையன். ரெண்டு பேரும் போனையே பாத்துக்கிட்டு... சரி வுடுக்கா, எனக்கென்ன."

அவள் போய்விட்டாள். பார்வதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ரூபா டேட்டா சயின்ஸ் கடைசி வருஷம். அந்தப் பெயரை வாயில் வரவழைக்கவே பார்வதிக்குப் பல மாதம் ஆயிற்று. சொந்தக்காரர்கள் கேட்டால், "கம்ப்யூட்டர் படிப்புதான். ஆனா கணக்கு ஜாஸ்தி" என்பாள்.

அவள் பிளஸ் டூ முடித்தபோதே புருஷன் எல்லப்பன் காவேரிப்பட்டினத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தான். அவனோடு மல்லுக்கட்டித்தான் பெண்ணைக் காலேஜில் சேர்த்தாள். "உன் சம்பளம், உன் பாடு. ஆனா ஏதாவது ஒண்ணு தப்பா என் காதுல விழுந்துச்சு, அன்னிக்கே படிப்பு கட்" என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டான்.

மாதேஸ்வரி கண்ணில் பட்டது எல்லப்பன் காதுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்?

ரூபாவுக்குப் போன் போட்டாள்.

"எங்கடி இருக்க?"

"கிளாஸ்லம்மா. அப்புறம் பேசறன்."

பின்னாலேயே லாரி ஹார்ன் கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

பார்வதி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவளுக்குக் காலை ஷிஃப்ட். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவாள். சாயங்காலம் ஹைவே பக்கம் போகிற வேலையே இல்லை. அது தெரிந்துதான் இந்த நேரமாகப் பார்த்து நிற்கிறாளா?

ஜூஜுவாடி பஸ் ஸ்டாப்பில் ஷிஃப்ட் விட்ட கூட்டம் ரோட்டோரம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அத்திப்பள்ளிப் பக்கமிருந்து லாரிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. கூட்டத்துக்கு நடுவே எட்டிப் பார்த்தாள்.

எதிர்ப்பக்கம் ரூபாவேதான். கூட ஒரு பையன். ரூபா ரோட்டைக் காட்டி ஏதோ சொல்கிறாள். அவன் போனைத் தட்டிக்கொண்டே சிரிக்கிறான்.

பார்வதி அக்கம் பக்கம் பார்க்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். நடுச்சுவரில் ஏறிக் குதித்தாள்.

"அம்மா! அங்கயே நில்லு! வராதே!"

ரூபாவின் அலறலை ஒரு டேங்கர் லாரியின் ஹார்ன் விழுங்கிவிட்டது. பார்வதி நடுச்சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அந்தக் காற்றில் அவள் புடவைத் தலைப்பு படபடவென்று அடித்தது.

வண்டிகள் ஓய்ந்ததும் ஓடி வந்து சேர்ந்தவளை ரூபா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பைத்தியமாம்மா உனக்கு? இப்படியா வருவ?"

"நான் பைத்தியமா? நீ கிளாஸுன்னு பொய் சொல்லிட்டு நடுரோட்டுல நிக்கற. யார்றி இவன்?"

அந்தப் பையன் மிரண்டு போய் ஒரு அடி பின்னால் போனான்.

"ஆன்ட்டி, எம்பேரு இளம்பரிதி. ரூபாவோட கிளாஸ்மேட்டுங்க. நாங்க புராஜெக்ட் பண்றோம்."

"ரோட்டுல என்னடா புராஜெக்ட்?"

"ஜனங்க எங்கெங்க தாண்டறாங்க, எந்த நேரத்துல ஜாஸ்தி, வண்டி எவ்ளோ வேகத்துல வருதுன்னு குறிச்சுக்கறோம் ஆன்ட்டி. மத்தவங்கல்லாம் நெட்டுல கெடைக்கற டேட்டாவை எடுத்துப் பண்றாங்க. ரூபாதான் இங்க நின்னே எடுக்கணும்னு ஒரே பிடிவாதம்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "இப்ப நீங்க தாண்டுனதும் இதுல ஏறிடுச்சுங்க."

பார்வதிக்குக் கோபம் இறங்கினாலும் பயம் இறங்கவில்லை.

"இதை எடுத்து என்னடி பண்ணப் போற?"

"கலெக்டர் ஆபீஸுல குடுக்கப் போறம்மா. நடக்கறவங்களுக்கு இங்க ஒரு மேம்பாலம் வேணும்னு. வாயால சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. கணக்கோட போய் நின்னா பதில் சொல்லித்தானே ஆகணும்?"

"நல்ல காரியம்தானே? இதை எதுக்குடி ஒளிச்ச? என் உசுரு போய் உசுரு வந்துச்சு. நான் என்னிக்காவது உங்கிட்ட எதையாவது மறைச்சிருக்கனா?"

ரூபா அம்மாவின் தோளைப் பார்த்தாள். இளம்பரிதி போனோடு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

"தீபாவளிக்கு முன்னாடி தோள்ல கட்டோட வந்தியே. கம்பெனி படியில வழுக்கி விழுந்துட்டன்னு சொன்னியே."

பார்வதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அன்னிக்கு எங்களுக்குப் பரீட்சை. மத்தியானமே விட்டுட்டாங்க. இதே எடத்துல அந்த பைக் உன்னைத் தூக்கி அடிச்சுது பாரு, அப்ப எதிர்ல வந்த காலேஜ் பஸ்ஸுல நான் இருந்தம்மா. நிறுத்தச் சொல்லி எறங்கி ஓடி வர்றதுக்குள்ள உன்னை ஆட்டோல ஏத்திட்டாங்க."

"ரூபா..."

"விஷயம் தெரிஞ்சா அப்பா வேலையை விடச் சொல்லிடுவாரு, என் படிப்பு நின்னுடும்னுதானே நீ மறைச்ச? அதனாலதான் நானும் பாத்ததைச் சொல்லல. நீ வேலைக்குப் போறதை நிறுத்த என்னால முடியாது. அதான்மா, ரோட்டையாவது மாத்த முடியுமான்னு பாக்கறன்."