துண்டுக்கு அடியில் ஒரு விரல்

"ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, பட்..." என்றார் டாக்டர். மாட்டுத் தரகர் குப்பாண்டி சட்டென்று கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். சந்தையில் 'ஆனா' என்பதைத்தான் டாக்டர்கள் 'பட்' என்கிறார்கள். அதற்கு முன்னால் வருவதெல்லாம் வைக்கோல், மாடு பின்னால்தான் வரும். கொஞ்சம் தள்ளி நிறைமாதமாய் நின்றிருந்த மகள் செண்பகம் இங்கிலீஷ் டீச்சர். அந்தச் சொல்லுக்கு ஆதியில் 'வெளியே' என்று அர்த்தம் என ஒருமுறை அவள்தான் சொன்னாள். இப்போது அவளுடைய அம்மா கதவுக்கு உள்ளே, இவர்கள் வெளியே.

"வாயால சொல்லாதீங்க சாமி, புள்ளைக்குக் கேட்டுரும்." குப்பாண்டி, சந்தையில் விலை பேசுவதுபோல், தோள்துண்டை உதறி டாக்டரின் கைமேல் போட்டு அடியில் தன் கையை நீட்டினார். "எம்பொண்டாட்டிக்கு இன்னும் எத்தனை காலம்? என் விரலைப் பிடிச்சுச் சொல்லுங்க."

டாக்டர் அதிர்ந்துபோனார். "என்ன பெரியவரே, மாடா விக்கிறோம்?"

"மாடுன்னா வேண்டாம்னு போயிருவனே."

துண்டுக்குள் டாக்டரின் கை தயங்கி, குப்பாண்டியின் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்தது. அதற்குள் நர்ஸ் கூப்பிட, அவர் உள்ளே ஓடினார். கதவு சாத்திக்கொண்டது.

"என்னப்பா, விலை படிஞ்சுதா?" செண்பகம் சிரிக்கப் பார்த்தாள்.

ஒரு விரல் நூறா ஆயிரமா என்று முதலில் பேசிக்கொண்டுதான் சந்தையில் துண்டுக்குள் கையை விடுவார்கள். குப்பாண்டி இன்று அதைப் பேச மறந்திருந்தார். வருஷமா, மாசமா, நாளா? துண்டுக்கு அடியில் அந்த விரல் நீட்டியபடியே இருந்தது.