ஒரே ஒரு புகார்

"இதுல எழுதியிருக்கறது உண்மையா, பொய்யா? அதை மட்டும் சொல்லுங்க."

மேலாளர் ஒரு தாளை மேசையின் குறுக்கே தள்ளினார். எதிரே நின்ற ஸ்கேனர் அக்கா அதைத் தொடாமலே குனிந்து படித்தாள். அந்த பார்சல் கம்பெனிக் கிளையில் பன்னிரண்டு வருடமாகப் பெட்டிகளை ஸ்கேன் செய்கிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

தாளில் நாலே வரி. 'எங்கள் மேலாளர் கடுகடுப்பானவர். சாப்பாட்டு நேரத்தில்கூட வேலை வாங்குகிறார். யாரையும் மதிப்பதில்லை. இவரை உடனே வேறு கிளைக்கு மாற்றுங்கள்.'

'மனம் திற' என்ற செயலியைத் தலைமை அலுவலகம் ஆறு மாதத்துக்கு முன்புதான் எல்லோருடைய போனிலும் ஏற்றியிருந்தது. ஊழியர் நலனில் கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு என்று சுவரெல்லாம் போஸ்டர். ஒருவருக்கு ஒரு புகார், பெயர் வெளியே வராது, ஒரு மேலாளர் மீது மூன்று புகார் சேர்ந்தால் ஏழே நாளில் இடமாற்றம். வந்த புகாரைப் பெயரில்லாமல் கிளைக்கும் அனுப்பிவிடுவார்கள்.

"நான் எழுதலை சார்."

"நீங்க எழுதினீங்கன்னு நான் சொல்லவே இல்லையே. உண்மையான்னு கேட்டேன்."

"அபாண்டம் சார்."

"போன வாரம் எல்லார் முன்னாடியும் உங்களைத் திட்டினேனே?"

"நல்லதுக்குத்தானே சார்."

"சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்களை எழுப்பி லாரியில சரக்கு இறக்க விட்டேனே?"

"அன்னிக்கு எனக்குப் பசியே இல்லை சார்."

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒண்ணு போயிருக்கு. இன்னும் ரெண்டு போச்சுன்னா என் கதை முடிஞ்சுது. போங்க, மௌனியை வரச்சொல்லுங்க."

மௌனி வேன் ஓட்டுபவன். வாய் மூடாமல் பேசுவதால் அந்தப் பெயர் வந்தது. அன்று மட்டும் உள்ளே போய்ப் பெயருக்கேற்ப நின்றான்.

"உனக்கு லீவு தரலைன்னு என்மேல கோபம் இருக்கும்ல?"

"நீங்க தராததாலதான் சார், மச்சான் கல்யாணத்துக்குப் போய் மாட்டிக்காம தப்பிச்சேன். வீட்டுல விளக்கேத்தாத குறையா உங்களை நினைச்சுக்கறேன்."

"மனசுல உள்ளதைச் சொல்லுப்பா. செயலியில பேரு வராது."

"உள்ளே போறதுக்கே அது போன் நம்பரைக் கேக்குது சார். அப்புறம் எப்படிப் பேரு வராம இருக்கும்?" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அதாவது, நான் உள்ளே போனதே இல்லை சார். போறவங்க சொன்னாங்க."

இப்படி ஒவ்வொருவராகப் பன்னிரண்டு பேரும் போய்வந்தார்கள். ஒருவரும் அவர்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை.

மதியம் சரக்குக் கிடங்கில் அட்டைப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து சாப்பிடும்போது ஸ்கேனர் அக்கா குரலைத் தாழ்த்தினாள். "எவனோ பண்ணின வேலைக்கு நம்ம தலை உருளப்போகுது. ரெண்டாவது புகார் வந்துச்சுன்னா, நம்மள்ல யாருன்னு பார்த்துத் தூக்கிடுவாரு."

"வராமப் பார்த்துக்கணும். அது மட்டும் போதாது," என்றான் மௌனி. "அதுல பாராட்டுன்னு ஒரு பொத்தான் இருக்கு. எல்லாரும் அதை அமுக்கிடுவோம். இவரு தந்தை போன்றவர்னு எழுதிடலாம்."

"என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவருடா."

"அப்ப தாய் போன்றவர்னு போடு. தாய்க்கு வயசு பார்க்க மாட்டாங்க."

அக்கா இரண்டு வாய் சாப்பிட்டாள். "எனக்கு மனசு வரலைடா. அந்தாளு ஆறு மாசம் முன்னாடி வரைக்கும் தங்கமா இருந்தாரு. இப்பத்தான் பேய் பிடிச்ச மாதிரி எல்லார்மேலயும் விழறாரு. இதைப் போய்ப் பாராட்டணுமா?"

"வேலை இருந்தாத்தான் மனசு இருக்கும் அக்கா. அமுக்கு."

அமுக்கினாள். பன்னிரண்டு பேரும் அமுக்கினார்கள். 'கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாவிட்டாலும், இப்படியொரு மேலாளர் இருப்பதால் குறை தெரியவில்லை' என்று மௌனி கூடுதலாக ஒரு வரி சேர்த்தான்.

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, தாளைப் பிரித்தார்.

"'வந்த ஒரு புகாருக்கு எதிராகப் பன்னிரண்டு பாராட்டுகள் கிடைத்துள்ளன. எந்தக் கிளைக்கும் இதுவரை இப்படி வந்ததில்லை. எனவே, அடுத்த மூன்றாண்டுகளும் தாங்கள் அதே கிளையில் தொடருமாறு நிர்வாகம் மகிழ்ச்சியுடன் உத்தரவிடுகிறது.'"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மேலாளருடைய கண்கள் கலங்கிவிட்டன. தாளை மடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"பாத்தியா அக்கா, கல்லுக்குள்ளயும் ஈரம் இருக்கு," என்றான் மௌனி.

ஸ்கேனர் அக்காவுக்குக்கூட அந்த நேரத்தில் அவர்மேல் கொஞ்சம் பாசம் வந்தது.

உள்ளே, மேலாளர் போனை எடுத்தார். முதல் மணியிலேயே மனைவி பேசினாள். "ஆர்டர் வந்துடுச்சாங்க? அப்பா இனிமே நம்மகூடவே இருப்பாருன்னு பாப்பா பள்ளிக்கூடம் பூரா சொல்லி வெச்சிருக்கா."

"இல்லைம்மா. நம்ம ஊருக்கு டிரான்ஸ்ஃபர் கேட்டு நாலு தடவை மனு கொடுத்தும் அசையாதவங்க, இதுக்காவது அசைவாங்கன்னு பார்த்தேன். ஆறு மாசமா தொண்டை கிழியக் கத்தி, சோறு திங்கறவங்களை எழுப்பி, என்னென்னவோ பண்ணினேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "கடைசியில போனது ஒரே ஒரு புகார்தான், அதுவும் நானே எழுதிப் போட்டது."