கைப்படாத செய்தி

"அந்தப் பழைய பிரவுசரைத் தூக்கிப் போடுங்கம்மா. அதுல வர்றதுல பாதி போலி. புதுசு, மனுஷங்க கைப்பட எழுதினதை மட்டுந்தான் உள்ள விடும்" என்று மெல்போர்னிலிருந்து மகன் ஆதவன் ஞாயிறுதோறும் நச்சரித்தான். கடைசியில் அங்கிருந்தபடியே மாற்றியும் கொடுத்தான்.

மறுநாள் மதியம் வினோதினி தட்டை எடுத்துவைத்துக் காத்திருந்தாள். "சாப்ட்டீங்களாம்மா? என்ன குழம்பு?" என்று அவன் செய்தி வந்த பிறகுதான் சோறு போட்டுக்கொள்வாள். ஒருநாள்கூட அவன் தவறியதில்லை. அவன் கேட்பானே என்றுதான் தனி ஆளுக்குத் தினம் ஒரு குழம்பு வைத்தாள்.

குழம்பு ஆறிப்போயிற்று. திரையில் ஒரு வரி மட்டும் வந்தது: 'ஆதவன் ஏற்பாட்டில் இயந்திரம் தினமும் எழுதி அனுப்பும் செய்தி தடுக்கப்பட்டது. நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.'

குழம்பை மறுபடி சூடாக்கினாள். பிறகு திரை மூலையில் இன்னும் கிடந்த பழைய பிரவுசரைத் திறந்தாள். 'இது உங்களை ஏமாற்றக்கூடும். சம்மதமா?' என்றது. சம்மதம் என்று தட்டினாள்.

"சாப்ட்டீங்களாம்மா? என்ன குழம்பு?"

"தட்டப்பயித்தங்கா குழம்பு கண்ணு. இப்பத்தான் உக்கார்றேன்" என்று எழுதிவிட்டுச் சோற்றைப் போட்டுக்கொண்டாள்.

வழக்கமாகக் கேட்கும் "நீ சாப்ட்டியா?" மட்டும் கேட்கவில்லை.