துணைவி விசா

“நீங்களும் உங்க வீட்டுக்காரரும் பேசிக்கிட்ட மெசேஜ் குறைஞ்சது ஒரு வருஷத்துக்காவது வேணும்மா. இதுல மொத்தமே நாலு பக்கம்தான் இருக்கு?” விசா ஆலோசகர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

“நல்லதா இருக்கறதை மட்டும் பிரிண்ட் எடுத்தேன் சார்” என்றாள் தங்கை. “அவர் கோபத்துல பேசினதையெல்லாம் விசா ஆபீசர் பாத்தா தப்பா நெனச்சுக்குவாங்கல்ல?”

பக்கத்து நாற்காலியில் அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருஷமாக விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்புகிறவள். ஒரு ஃபாரம் நிரப்ப வெளியாளுக்குக் காசு கொடுப்பதா என்று வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்தே பொருமிக்கொண்டிருந்தாள்.

“நாமளே போட்டுடலாம்டி. பேரு, ஊரு, பிறந்த தேதி. இதுக்கு ஒரு ஆள் வேணுமா?”

“நாமளே போட்டு, ஒரு கட்டம் தப்பாப் போயிடுச்சுன்னா? மூணு வருஷம் காத்தாச்சுக்கா. இதுக்கு மேல என்னால முடியாது.”

தங்கையின் கணவர் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்; தன்னை அங்கே அழைத்துக்கொள்ளும் விசாப் பேச்சை அவள் எடுத்தாலே ‘பார்க்கலாம்’ என்பார். ஏஜெண்டுகள் பக்கம் மட்டும் போய்விடாதே, எல்லாரும் திருடர்கள் என்றும் சொல்லியிருந்தார். அவருக்குத் தெரியாமல்தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். எல்லாத் தாளையும் தயார் செய்து, கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று நீட்டினால் மாட்டேன் என்றா சொல்லப் போகிறார்?

ஆலோசகர் கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தார். கணவரின் பாஸ்போர்ட் நகலை அதன் பக்கத்தில் வைத்து மறுபடியும் பார்த்தார். “ஒரு நிமிஷம்” என்று உள்ளறைக்குப் போனவர் திரும்பி வரப் பத்து நிமிஷமானது.

“ஃபீஸை ஏத்தப் போறான், பாரு” என்று அக்கா முணுமுணுத்தாள்.

வந்து உட்கார்ந்தவர் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. “இப்ப எங்கம்மா குடியிருக்கீங்க?”

“அக்கா வீட்டுலதான் சார். ஒத்தை ஆளுக்கு எதுக்குத் தனி வீடு, காலி பண்ணிட்டு அக்காகூட இருன்னு போன வருஷம் அவர்தான் சொன்னார்.”

“பழைய வீட்டுக்கு வர்ற தபாலெல்லாம் உங்க கைக்கு வந்து சேருதா?”

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எனக்கு யாரு சார் தபால் போடப் போறாங்க?”

அவர் சிரிக்கவில்லை. பரப்பி வைத்திருந்த தாள்களை அடுக்கி, ஓரம் தட்டிச் சீராக்கி, உறையில் போட்டு அவளிடமே கொடுத்தார்.

“இந்தக் கேஸை நான் எடுத்துக்க முடியாதும்மா.”

அவள் முகம் சுண்டிப்போனது. “மெசேஜ் கம்மியா இருக்குன்னா சார்? மிச்சத்தையும் எடுத்துட்டு வந்துடறேன். திட்டினது இருந்தாலும் பரவாயில்ல...”

“அதில்லம்மா. உங்க மேல ஒரு குறையும் இல்ல.” ஒரு துண்டுச் சீட்டில் விலாசம் எழுதினார். “இந்த வக்கீலம்மாவைப் போய்ப் பாருங்க. உங்க கல்யாணப் பதிவுத் தாளைக் காட்டுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க, இன்னிக்கே போங்க.”

அக்கா கைப்பையைத் திறந்தாள். “உங்க ஃபீஸ் எவ்வளவு சார்?”

“வேண்டாம்மா.”

வாசலில் செருப்பை மாட்டும்போது அக்காவின் குரல் இறங்கியிருந்தது. “நான்தான்டி தப்பா நெனச்சுட்டேன். உக்காந்து இவ்வளவு நேரம் பாத்துட்டு ஒரு பைசா வாங்கலையே. தங்கமான மனுஷன்.”

“அந்த வக்கீலம்மாவும் பாத்துட்டாங்கன்னா ஒரு கவலையும் இல்லக்கா.” தங்கை சீட்டை இரண்டாக மடித்துப் பத்திரப்படுத்தினாள். “போற வழியில அந்தப் பெரிய பெட்டிக்கு ஜிப்பு மாத்தக் குடுத்துடலாமா?”

இருவரும் பேசிக்கொண்டே படியிறங்கும் சத்தம் ஓயும்வரை ஆலோசகர் அசையாமல் இருந்தார். மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாள் பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்தாள்.

“வந்த கேஸை ஏன் சார் திருப்பி அனுப்பினீங்க? அந்த வக்கீலம்மா குடும்பக் கோர்ட்டுலல்ல இருக்காங்க? விசாவுக்கு அவங்க எதுக்கு?”

அவர் உள்ளறையிலிருந்து ஒரு ஃபைலைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். அந்த அம்மாள் லீவில் இருந்தபோது, போன வாரம் வந்த விண்ணப்பம் அது. அதுவும் துணைவி விசாதான். படத்தில் அதே கணவர்; தோளில் சாய்ந்து சிரித்த முகம் மட்டும் வேறு.

“அடக் கடவுளே! அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்?”

“இவன் கேஸை நான் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டேனே. இதுல இருக்கறதை வெளிய சொல்ல எனக்கு உரிமையில்லம்மா.”

“அது சரி, கட்டினவ குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருத்தியை எப்படி சார் பொண்டாட்டின்னு எழுத முடியும்?”

ஆலோசகர் ஃபைலின் கடைசித் தாளைப் புரட்டினார். அதில் கோர்ட் முத்திரையும், தங்கை காலி செய்துவிட்டு வந்த பழைய வீட்டு விலாசமும் இருந்தன.

“அந்தப் பொண்ணுக்கு டைவர்ஸ் ஆகி மூணு மாசம் ஆகுதும்மா, அவளுக்குத்தான் தெரியாது.”