குறுக்கா, நெடுக்கா

அல்மாத்தி நகரத்தின் பனிமலை வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து கண்ணைக் கூசவைக்கிறது. சரிந்த மார்பை அறுவை செய்து தூக்கிக்கொள்ள வந்திருக்கும் கம்ஷாத், மேலாடை இல்லாமல் நிற்கிறாள். நர்ஸான நான் அவளுக்குக் கண்ணாடி பிடிக்கிறேன். டாக்டரம்மா நீல மையால் அவள் மேல் கோடு இழுக்கிறார். "காம்பைச் சுத்தி மட்டும் வெட்டினா தழும்பு அவ்வளவா தெரியாது. ஆனா இந்தச் சரிவுக்கு அது நிக்காது. கீழ ஒரு கோடு இறக்கணும்." நாற்காலியில் சாய்ந்திருக்கும் புருஷன் ஒராஸ், போனிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொல்கிறான். "வட்டம் போதும். ஏரியில குளிக்கறப்போ நாலு பேர் கண்ணுல படக்கூடாது." கம்ஷாத்தின் கழுத்து சிவக்கிறது. குரல் மட்டும் ஏறவில்லை. "விருந்துல ஆட்டுத் தலைய அறுத்து, யாருக்குக் காது, யாருக்குக் கண்ணுன்னு நீங்கதான் பங்கு போடுறீங்க. சரி. இது ஆட்டுத் தலையில்ல." அவன் சிரிக்கிறான். "உனக்காகத்தானே சொல்றேன்." "எனக்காகவா? மூணு பிள்ளைக்கும் என் வயித்த அறுத்தாங்களே, அந்தத் தழும்பு குறுக்கவா நெடுக்கவா? பாக்காம சொல்லுங்க." இப்போதுதான் ஒராஸ் நிமிர்ந்து அவள் அடிவயிற்றைப் பார்க்கிறான். அவள் அதை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறாள். "கீழயும் கோடு போடுங்க, டாக்டர்." யாரும் சொல்லாமலே நான் கண்ணாடியை வைத்துவிட்டுப் போய், ஒராஸுக்காகக் கதவைத் திறந்து பிடிக்கிறேன்.